அழிக்க வேண்டாம்

டான்டினோங்கில் ஆடி மாதம்
ஐந்தரைக்குள் இருட்டிவிடும்.
பிள்ளைகள் விட்டுப்போன சூடு ஆறுமுன்பே
நாலு மணிக்கு நாங்கள் உள்ளே போய்விடுவோம்.
நான் மொப், லாங்கி வெக்யூம்.
அவளுக்கு இடது முழங்கால் சரியில்லை.
பள்ளிக்கூடம் முழுவதையும் தனியே துப்புரவாக்க
எனக்கு ஆறு மணித்தியாலம்,
அவளுக்கு அதைவிட ஆறு கூட.
சேர்ந்தால் நாலு.

இதை நான் கணக்காகப் பார்த்ததில்லை.
சி-பன்னிரண்டாம் அறையின் வெண்பலகையில்
பச்சை மையால்
1/x + 1/(x+6)
என்று யாரோ எழுதியிருந்த அன்றுதான்
அட, இது எங்களைப் பற்றியல்லவா என்று
வாளியைக் கீழே வைத்தேன்.

ஓ.எல். பரீட்சையில் இந்த இடத்தில்தான்
எனக்கு மூன்று புள்ளி போனது.
பகுதியெண்கள் வேறு வேறாக இருக்கும்போது
அப்படியே கூட்டிவிட்டேன்.

கூட்டக்கூடாது.
முதலில் ஒருவரை மற்றவரால் பெருக்க வேண்டும்,
மேலும் கீழும், ஒரே அளவாக.
லாங்கி என் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு வருவாள்.
அவள் குனிய முடியாத மேசைகளின் அடியில்
நான் சூயிங்கம் சுரண்டுவேன்.
x(x+6) என்பது
இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மேலே 2x+6.
x-க்குப் பதில் என் ஆறைப் போட்டேன்:
எழுபத்திரண்டில் பதினெட்டு.
சுருக்கினால் நாலில் ஒன்று.
விடை சரி. நேரம் எட்டு மணி.
லாங்கி வெக்யூம் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு கொம்பனி கைமாறியது.
டெரக் என்றொருவன் டாப்லெட்டோடு வந்தான்.
"ஓராள் போதும், சுருக்குகிறோம்" என்றான்.
இரண்டு பேரின் எட்டு மணித்தியாலச் சம்பளத்திலிருந்து
ஒருத்தியின் நாலைக் கழித்தான்.
அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால்
உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும்
குறி மாறும் என்று
அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்:
அவளுடைய முழங்கால் ஊசி,
மகனின் றக்பி சப்பாத்து,
ஆண்கள் கழிப்பறைக்குள் நுழையுமுன்
அவள் உரக்கப் பாடும் தேவாலயப் பாட்டு.

அந்தக் கிழமையே பலகையில் இன்னொரு கணக்கு.
(x+6)/x
மேலே இருந்த x-க்கு ஒரு வெட்டு,
கீழே இருந்ததற்கு ஒரு வெட்டு,
விடை 6.
சுற்றிக் கட்டம் போட்டு, பெரிதாக:
அழிக்க வேண்டாம்.

என்னையே போட்டுப் பார்த்தேன்.
ஆறும் ஆறும் பன்னிரண்டு, கீழே ஆறு.
இரண்டு.
அவள் நேரம் என் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு,
அவ்வளவுதான்.
ஆறு எங்கிருந்து வந்தது?

காரணியாக நின்றால் வெட்டலாம்.
கூட்டல் குறியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உறுப்பை
அப்படி இழுத்தெடுக்க முடியாது.
பதினைந்து வயதுப் பிள்ளை விட்ட பிழை,
நாளைக்கு ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார்.
டெரக்கை யார் திருத்துவது?

டாப்லெட்டில் மணித்தியாலக் கட்டம்.
ஆறு என்று அடித்தேன், ஏற்கவில்லை.
நாலு என்றதும் பச்சை விளக்கு.

அழிக்கவில்லை.
பலகையைச் சுற்றித்தான் துடைத்தேன்.
கீழ் மூலையில்,
மொப் பிடித்துக் குனிபவர் கண்ணுக்கு மட்டும் படும் உயரத்தில்
x ≠ 0
என்று எழுதினேன்.
நேரமே எடுக்காமல் எந்தத் தரையும் துப்புரவாகாது.

பத்து மணி பஸ் என் கண்முன்னே போனது.
லாங்கி போன் எடுத்தாள்.
முழங்காலைப் பற்றி நான் கேட்க,
சி-பன்னிரண்டில் கடைசி வரிசையைப் பற்றி
அவள் கேட்டாள்.
சூயிங்கம் அப்படியே இருக்கு என்றேன்.
சிரித்தாள்.
இருக்கட்டும் விடு என்றாள்.